கான்வாஸ் கூடாரம்: மழைக்குப் பிறகு ஒரு புதுப்பிப்பு

பழைய கான்வாஸ் கூடாரத்தின் கூரை ஒழுகுகிறது, சோப்பும் படிகாரமும் போட்டு வீட்டிலேயே சரிசெய்யப் போகிறேன் என்று போன மாதம் எழுதியிருந்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்காக இது.

நல்ல பலன் தெரிகிறது. முதலில் வெறும் தண்ணீரும் பிரஷும் கொண்டு அழுக்கை எடுத்துக் காயவைத்தேன். பிறகு பார் சோப்பைச் சீவி, வெந்நீரில் கரைத்து, துணி ஊறும்படி பூசினேன். எண்ணெயில் செய்த அசல் சோப்புதான் வேண்டும். டிடர்ஜென்ட் கட்டி ஆகாது. அது காய்ந்ததும் மேலே படிகாரக் கரைசல். இரண்டும் சேரும்போது நூலிழைக்குள்ளேயே தண்ணீரில் கரையாத அலுமினிய சோப்பு படிகிறது. மெழுகு பூசியதுபோல் துணி கனக்கவில்லை, காற்றோட்டமும் அடைபடவில்லை.

நேற்று பெய்த மழையில் கூரைமேல் விழுந்த நீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்! தையலோரம் மட்டும் ஊசித் துளை வழியாகக் கசிந்தது. துணி காய்ந்ததும் அங்கே தேன்மெழுகுக் கட்டியை அழுத்தித் தேய்த்து, ஹேர் டிரையர் சூட்டில் இளக்கி நூலுக்குள் இறக்கினேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தாயிற்று, உள்பக்கம் ஈரமே இல்லை.

அப்புறம், தரைப்பகுதிக்கு இந்த முறை போதாது. அங்கே ஆள் படுத்து அழுத்தம் விழும், ஈரம் ஏறிவிடும். அதற்குத் தார்ப்பாய் விரிப்புதான்.