பிஇ 6, கிரெட்டா எலக்ட்ரிக்: மலைப்பாதையில் ஓட்டியவர்கள் உதவ வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். சேலத்தில் இருக்கிறேன். பத்து ஆண்டுகளாக ஓட்டிய டீசல் காரைக் கொடுத்துவிட்டு மின்சாரக் கார் வாங்கப் போகிறோம். மஹிந்திரா பிஇ 6 (79 கிலோவாட் மணி பேட்டரி), ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக் (51.4) ஆகிய இரண்டில் ஒன்று.

நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட பிஇ 6-க்கு 6.7 விநாடி, கிரெட்டாவுக்கு 7.9 விநாடி என்று நிறுவனங்கள் சொல்கின்றன. முறுக்கு விசை முறையே 380, 255 நியூட்டன் மீட்டர். தாளில் பிஇ 6 தெளிவாக முந்துகிறது. ஆனால் சிக்னலில் சீறிப் பாய்வது எனக்கு முக்கியமில்லை. மாதம் இருமுறை அம்மா, அப்பா, பிள்ளைகளோடு ஏற்காடு ஏறுகிறோம். 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் வேகம் குறைந்து, ஐந்து பேர் பாரத்தோடு மறுபடி மேலே இழுக்கும்போது எந்தக் கார் தயங்காமல் போகிறது? அதுதான் என் கேள்வி.

இன்னொன்று. பிஇ 6 பின்சக்கரங்களால் இயங்குவது, கிரெட்டா முன்சக்கரங்களால். மழை நாளில், ஏற்றத்தில் சட்டென்று மிதித்தால் கிரெட்டாவின் முன்சக்கரம் வழுக்குகிறதா? பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே போனால் இழுவை குறைவதை உணர்ந்தீர்களா?

நெடுஞ்சாலையில் 60-லிருந்து 100-க்குப் போய் லாரியை முந்திய அனுபவத்தையும் எழுதுங்கள். ஷோரூமில் தந்த சோதனை ஓட்டம் சமதளத்தில் பத்தே நிமிடம். அதை நம்பிப் பெற்றோரை மலையேற்ற எனக்கு மனம் வரவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் முன்பதிவு செய்ய வேண்டும்.