மறு: நிழலில் தரையை மூடி வளரும் செடிக்கு ஒரு சொல்

ஐயா, வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்கு, நிழலிலும் தரையை மூடி ஆண்டுக்கணக்கில் வாழும் செடியைக் குறிக்க நீங்கள் தந்த தொடர் இது:

> நிழல் சகிப்புத்தன்மையுள்ள பல்லாண்டு நிலப்போர்வைத் தாவரம்

பொருள் பிசகவில்லை. ஆனால் மாதவரம் பக்கம் நர்சரிக்காரரிடம் இப்படிக் கேட்டால், "கிரவுண்ட் கவர்தானே சார்?" என்று எடுத்துக் கொடுத்துவிடுவார். நம் சொல் அங்கேயே தோற்றுவிடும்.

முன்பாதி எளிது. வறட்சி தாங்கும் ரகம், உவர் தாங்கும் நெல் என்று உழவர்களிடம் ஏற்கெனவே புழங்குகிறது. எனவே 'நிழல்தாங்கி'. இடிதாங்கி, சுமைதாங்கி வரிசையில் உட்காரும். அம்மா ஒருவர் முன்மொழிந்த 'நிழல்விரும்பி' வேறு. கச்சோலம் என்ற கிழங்குச் செடி நிழலை விரும்பும். வல்லாரையோ ஈரம் இருந்தால் வெயிலிலும் வளரும். நிழலில் காம்பை நீட்டிச் சமாளிக்கும்.

சிக்கல் பின்பாதியில்தான். 'தரைமூடி' என்றால் வண்ணாரப்பேட்டையில் பாதாளச் சாக்கடை மூடியைத்தான் காட்டுவார்கள். 'தரைப்படர்' காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லாமா படர்கின்றன? வல்லாரை ஓடுதண்டு விட்டுக் கணுவுக்குக் கணு வேர் பிடிக்கும். கச்சோலம் ஓடாது, கிழங்கிலிருந்து இலையைத் தரையோடு தரையாக விரிக்கும். 'மூடாக்கு' மண்மேல் பரப்பும் சருகுக்கும் வைக்கோலுக்கும் உரியதாகிவிட்டது, அதைப் பிடுங்க வேண்டாம்.

என் பரிந்துரை 'மூடுசெடி'. வேளாண்மையில் மண்ணை மூடிக் காக்க விதைக்கும் மூடுபயிருக்குத் தங்கை. மூடுபயிரை மடக்கி உழுதுவிடுவார்கள், இது இருந்த இடத்திலேயே நிற்கும். வினைத்தொகை என்பதால் மூடிய, மூடுகின்ற, மூடும் என முக்காலமும் உள்ளடக்கம். 'பல்லாண்டு' என்று தனியே ஒட்ட வேண்டியதில்லை. மழைக்காலம் போனதும் கச்சோலத்தின் இலை காய்ந்துவிடுமே என்று யாராவது மடக்கலாம். மண்ணுக்குள் கிழங்கு உயிரோடுதான் இருக்கிறது, ஐயா!

வாக்கியத்தில் ஓட்டிப் பார்த்தேன்: "மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவே வெயில் விழாத சந்தில் நிழல்தாங்கி மூடுசெடி வையுங்கள். வல்லாரையானால் வேர் விட்ட கணுவோடு கிள்ளி, சாண் இடைவெளியில் நடுங்கள். தரை மூடும்வரை களை எடுக்கத்தான் வேண்டும். திருவொற்றியூர் மாதிரிக் கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும். மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள்." எங்கும் இடறவில்லை.

பட்டியலில் 'நிழல்தாங்கி', 'மூடுசெடி' இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே ஏற்றலாம் என்பது என் எண்ணம். வெயில் கேட்கும் மூடுசெடியும் உண்டே, பொடுதலை மாதிரி. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

பெரம்பூரிலிருந்து,
ஒரு மாடித்தோட்டக்காரன்