மேலவீட்டுச் சொந்தங்கள் குழு: கார்த்தி நான்கு நாள் சொல்லாமல் இருந்தது

*அம்மா (இரவு 8:10):* கார்த்தி திங்கட்கிழமை பைக்கிலிருந்து விழுந்திருக்கிறான். இன்றுதான் வாயைத் திறக்கிறான். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். தலைவலி விடவே இல்லையாம். மத்தியானம் அடுப்பை அணைக்க மறந்துவிட்டான். தம்பி, பார்த்தால் பதில் போடுங்கள்.

*அத்தை:* ஐயோ, தலையில் ரத்தம் வந்ததா அண்ணி?

*அம்மா:* ஒரு சொட்டு இல்லை.

*கார்த்தி:* தெருமுனைக் கடைதானே என்று ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு போனேன். மணலில் சறுக்கிவிட்டது. மயக்கம் எல்லாம் வரவில்லை. ஆபீசில் வேலை அதிகம், அதனால்தான் சொல்லவில்லை.

*பெரியப்பா:* மயக்கம் வரவில்லை என்றால் பயமில்லை. தூங்க மட்டும் விடாதீர்கள்.

*சித்தப்பா (8:24):* அண்ணா, அது பழைய பேச்சு. அடிபட்ட மூளைக்குத் தூக்கம்தான் முதலில் வேண்டும். கார்த்தி, நான் கேட்பதற்குப் பதில் சொல். வாந்தி வந்ததா? பேச்சு குழறுகிறதா? ஒரு பக்கக் கை, கால் பலவீனமாக இருக்கிறதா? தலைவலி ஏறிக்கொண்டே போகிறதா?

*கார்த்தி:* நான்கும் இல்லை சித்தப்பா. தலைவலி ஒரே அளவில் இருக்கிறது. லேப்டாப் பார்த்தால் கொஞ்சம் கூடுகிறது. வெளிச்சம் கூசுகிறது.

*சித்தப்பா:* சரி. நாளைக் காலை டாக்டரிடம் போகிறோம், நானும் வருகிறேன். நான் கேட்டதில் ஒன்று வந்தாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே 108.

*நான்:* ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் இல்லையா?

*சித்தப்பா (8:41):* இல்லை திவ்யா. சிடி ஸ்கேனில் ரத்தக்கசிவு தெரியும், எலும்பு முறிவு தெரியும். மூளை குலுங்கியதால் வரும் கன்கஷன் பெரும்பாலும் தெரியாது. நரம்பு இழைகள் இழுபட்டு, செல்லுக்குள் இருக்க வேண்டிய உப்புகள் வெளியேயும், வெளியே இருக்க வேண்டியவை உள்ளேயும் போய்விடும். அதைச் சரிசெய்ய மூளைக்கு அதிக சக்தி தேவைப்படும் நேரத்தில்தான் அங்கே ரத்த ஓட்டமும் குறையும். அது ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் முதல் அடியைவிட மோசம்.

பட்டாளத்தில் மருத்துவப் பிரிவில் இருந்தவன் என்பதால் எனக்கு இந்த விஷயத்தில் தனி அக்கறை. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்க வீரர்கள் குண்டு வெடித்த இடத்துக்குப் பக்கத்தில் இருப்பார்கள். உடம்பில் கீறல் இருக்காது. "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறுநாளே ரோந்துக்குப் போவார்கள். கூட்டாளிகளை விட்டு வர மனசு வராது. கார்த்தி ஆபீசை நினைத்து மறைத்ததும் அதே மனசுதான். 2010இல் அங்கே விதியை மாற்றினார்கள். வெடிப்பிலிருந்து 50 மீட்டருக்குள் இருந்தவர் யாராக இருந்தாலும், தனக்கு ஒன்றுமில்லை என்று அவரே சொன்னாலும், பரிசோதனை கட்டாயம், 24 மணி நேர ஓய்வு கட்டாயம். அடிபட்ட மூளையிடமே "உனக்கு அடிபட்டதா" என்று கேட்டால் சரியான பதில் எப்படி வரும்? நம் வீட்டுக்கும் இந்த விதி வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக எண்ணம். தலையில் இடித்துக்கொண்டால் அன்றே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

*அம்மா:* பின்னாளில் மறதி நோய் வரும் என்று எங்கோ படித்தேன் தம்பி. அதிலிருந்து கை நடுங்குகிறது.

*சித்தப்பா (8:55):* அண்ணி, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். 2018இல் அமெரிக்க முன்னாள் வீரர்கள் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பதிவுகளை ஒப்பிட்டார்கள். பாதிப் பேர் தலையில் அடிபட்டவர்கள், பாதிப் பேர் படாதவர்கள். மயக்கமே வராத லேசான அடி பட்டவர்களுக்கும் டிமென்ஷியா என்கிற மறதி நோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. மடங்கு என்று கேட்டால் பெரிதாகத் தெரியும். சராசரியாக நான்கு ஆண்டுகளில் அடிபட்டவர்களில் 100க்கு 6 பேருக்கு வந்தது, படாதவர்களில் 3 பேருக்கும் குறைவு. மீதி 94 பேரையும் நினைத்துப் பாருங்கள். ஒரு தடவை விழுந்ததற்காக அவன் வாழ்க்கையை நினைத்துப் பயப்பட வேண்டாம். மறுபடி விழாமல் பார்ப்பதும், பிரஷர், சர்க்கரை, தூக்கம் மூன்றையும் ஒழுங்காக வைப்பதும் நம் கையில் இருக்கிறது.

*கார்த்தி:* இப்போது என்ன செய்ய வேண்டும் சித்தப்பா?

*சித்தப்பா:* இரண்டு நாள் வேலையைக் குறை. இருட்டறையில் படுத்துக் கிடக்கவும் வேண்டாம், வீட்டுக்குள் நட. தலைவலி கூடாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய வேலைக்குத் திரும்பு. டாக்டர் சொல்லும்வரை பைக், கிரிக்கெட், மது கிடையாது.

*கார்த்தி:* சரி. ஹெல்மெட் இனிமேல் டேங்கில் இருக்காது.

*சித்தப்பா (9:08):* அந்த ஹெல்மெட் பழக்கத்திலும் பட்டாளத்துக்குப் பங்கு உண்டு கார்த்தி. அரேபிய லாரன்ஸ் என்று சொல்வார்களே, முதல் உலகப் போரில் பெயர் வாங்கிய பிரிட்டிஷ் அதிகாரி, அவர் 1935இல் சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமல் இருக்க பைக்கைத் திருப்பி, விழுந்து, ஆறாம் நாள் இறந்துபோனார். தலையில் ஒன்றும் போட்டிருக்கவில்லை. அப்போது பார்க்க வந்த டாக்டர்களில் மூளை அறுவை சிகிச்சை நிபுணர் ஹியூ கேர்ன்ஸ் ஒருவர். அவருக்கு அது மனசை விட்டுப் போகவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்ததும் ராணுவத்தில் பைக்கில் செய்தி கொண்டுபோகும் வீரர்களின் தலைக்காயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1941இல் எழுதினார். அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் ராணுவம் அவர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. அந்த நாட்டுப் பொதுமக்களுக்கு அது கட்டாயமாக 1973 வரை ஆனது. நடுவில் எத்தனை உயிர் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு ஆறுவதே இல்லை. போட்டால் மட்டும் போதாது, தாடைப் பட்டையையும் மாட்டு.

*பெரியப்பா (9:20):* தம்பி, ஒன்று சொல்கிறேன், யாரும் கோபப்பட வேண்டாம். மூன்று வாரம் முன்னால் பாத்ரூமில் வழுக்கிச் சுவரில் தலை இடித்தது. வீங்கிப் போய்விட்டது, விட்டுவிட்டேன். இரண்டு நாளாகத் தலை பாரமாக இருக்கிறது. நடக்கும்போது கொஞ்சம் தள்ளுகிறது.

*அத்தை:* அண்ணா!

*சித்தப்பா:* அண்ணா, இதய ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் அல்லவா?

*பெரியப்பா:* ஆமாம், தினமும்.

*சித்தப்பா:* அப்படியானால் காலைவரை வேண்டாம். வயதானவர்களுக்குத் தலைக்குள் ரத்தம் மெல்ல மெல்லக் கசிந்து வாரக்கணக்கில் கழித்துக்கூடத் தெரியவரும். ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு இப்போதே போகிறோம். மாத்திரைச் சீட்டை எடுத்து வையுங்கள். தனியாகப் படி இறங்க வேண்டாம், நான் மேலே வருகிறேன்.

*நான்:* ஆட்டோ பிடித்துவிட்டேன் சித்தப்பா, பெரியப்பா வீட்டு வாசலில் நிற்கிறேன்.