மாயவரம் சந்திப்பும் தரங்கம்பாடி ரயிலும்

குழு: மாயவரத்துச் சொந்தங்கள்

செந்தில்: சோழன் எக்ஸ்பிரஸில் வந்துகொண்டிருக்கிறோம், சீர்காழி தாண்டிவிட்டது. மயிலாடுதுறை என்கிற நம் மாயவரத்தின் பெயருக்குப் பின்னால் ஏன் ‘சந்திப்பு’ என்று போடுகிறார்கள், யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்று பையன் கேட்கிறான். பெரியப்பா, நீங்களே பதில் சொல்லுங்கள்.

பெரியப்பா: பாதைகள் சந்திக்கின்றன என்று சொல். விழுப்புரத்திலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சி போகிற மெயின் லைனில் நம் ஊர் இருக்கிறது. இங்கே தெற்கே திருவாரூருக்கு ஒரு பாதை பிரிகிறது.

பெரியப்பா: அந்தத் திருவாரூர் பாதையை யார் போட்டார்கள் என்பதையும் அவனுக்குச் சொல்லிவிடு. லண்டன் பங்குதாரர்கள் போட்ட பாதை இல்லை அது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு, அதாவது அந்தக் கால மாவட்ட உள்ளாட்சி அமைப்பு, போட்டது. நிலத்துக்குக் கட்டுகிற வரியில் ரூபாய்க்கு 3 பை, அதாவது காலணா (ரூபாயில் 64இல் ஒரு பங்கு), ரயிலுக்கென்றே தனியாக வசூலித்தார்கள். அந்த வரியை நம்பித்தான் 1894இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 54 மைல் திறந்தது. 1903இல் அறந்தாங்கி வரை போய் 99 மைல் ஆயிற்று. வண்டியை ஓட்டியது சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி. தண்டவாளம் ஜில்லா போர்டுக்குச் சொந்தம்.

கயல்: காலணா வரியை வைத்து இவ்வளவு தூரமா! இது எனக்குத் தெரியவே தெரியாது பெரியப்பா.

பெரியப்பா: பலருக்குத் தெரியாது கயல். நெல் விளைவித்தவன் கொடுத்த பணம் அது. ஸ்டேஷனில் இதை ஒரு கல்லில் வெட்டி வைத்திருக்க வேண்டும்.

சித்தப்பா: அண்ணா, மெயின் லைனையும் விட்டுவிடாதீர்கள். 1920களின் கடைசியில் விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குக் கார்டு லைன் என்கிற குறுக்குப் பாதை வரும்வரை, எழும்பூரிலிருந்து மதுரை, தூத்துக்குடி போகிறவர்களுக்கு நம் ஊர்தான் வழி. இலங்கைக்குக் கப்பல் பிடிக்கப் போனவர்களும் இந்த வழியாகத்தான் போனார்கள்.

அத்தை: எல்லாரும் தரங்கம்பாடி ரயிலை மறந்துவிட்டீர்களே!

செந்தில்: அத்தை, தரங்கம்பாடிக்கு ரயில் ஓடியதா?

அத்தை: ஓடியதாவா! மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு, அப்புறம் தரங்கம்பாடி. ஆக்கூரில் பாட்டி வீடு இருந்ததால் லீவு விட்டால் எங்களுக்கு அந்த வண்டிதான். கட்டைவிரல் நீளத்துக்குக் கெட்டி அட்டையில் டிக்கெட். குமாஸ்தா அதை இரும்பு மெஷினுக்குள் நுழைத்து இழுத்தால் ‘டக்’கென்று தேதி விழும். எழுத்து மையில் இருக்காது, அட்டையிலேயே பள்ளமாகப் பதிந்திருக்கும். ஆக்கூர் போய்ச் சேரும்வரை அந்தப் பள்ளத்தை நகத்தால் தடவிக்கொண்டே போவேன். திரும்பி வரும் வண்டியில் மீன் கூடைகள் வரும். அந்தப் பெட்டியில் மட்டும் ஏறாதே என்று அப்பா சொல்வார்.

பெரியப்பா: 1926இல் திறந்தார்கள், 1986இல் மூடிவிட்டார்கள். அறுபது வருடம் ஓடிய வண்டி. கட்டுப்படி ஆகவில்லை என்றார்கள்.

கயல்: காந்தி தரங்கம்பாடி பக்கத்துத் தில்லையாடிக்கு வந்தது இந்த ரயிலில்தானா?

பெரியப்பா: இல்லை அம்மா. அவர் வந்தது 1915இல். அப்போது இந்தப் பாதையே கிடையாது.

சித்தப்பா: அண்ணா, ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தரங்கம்பாடிக்கு இப்போது பஸ் நிறைய இருக்கிறது. ரயில் திரும்பி வரும் என்று எதிர்பார்ப்பது வீண் ஆசை.

பெரியப்பா: கோபம் இல்லை தம்பி. ஆனால் திருவாரூர் பாதையில் இருக்கிற பேரளத்தைப் பார். பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898இல் போட்ட பாதை. காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில். அதையும் 1980களின் கடைசியில் நிறுத்தினார்கள். முப்பது வருடத்துக்கு மேல் முள்ளும் புதருமாகக் கிடந்தது. இப்போது அகலப் பாதையாகப் புதிதாகப் போட்டு, 2025இல் சோதனை ரயிலே ஓடிவிட்டது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

பெரியப்பா: இன்னொன்று. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் இல்லாத நாள் உண்டா? எங்கிருந்தெல்லாமோ குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ரயிலில் வருகிறவர்கள் நம் ஜங்ஷனில் இறங்கி, வயதானவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு கார் தேடுகிறார்கள். கட்டுப்படி ஆகாது என்று 1986இல் போட்ட கணக்கை இன்றைக்கும் அப்படியே சொன்னால் எப்படி? 2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆகிவிட்டது. தரங்கம்பாடி அதில் ஒரு தாலுகா. மாவட்டத் தலைநகரிலிருந்து அங்கே போக ரயில் கேட்பது நியாயமான கோரிக்கைதானே?

சித்தப்பா: திருக்கடையூர் விஷயம் சரிதான். அதை நான் நினைக்கவில்லை.

கயல்: பெரியப்பா, திருச்சி கோட்ட மேலாளருக்கு ஒரு மனு எழுதலாமா? நான் தட்டச்சு செய்கிறேன்.

பெரியப்பா: எழுது. காலணா வரியில் ஆரம்பி. அடுத்து காரைக்கால் பாதை, பிறகு திருக்கடையூர். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நீளமாக இருந்தால் அதிகாரிகள் படிக்க மாட்டார்கள்.

அத்தை: ஸ்டேஷன் பெயர்களைப் போடும்போது ஆக்கூரை விட்டுவிடாதே கயல்.

செந்தில்: வண்டி ஊருக்குள் வந்துவிட்டது. தரங்கம்பாடி வண்டி எந்தப் பக்கம் நின்றது என்று பையன் கேட்கிறான்.

சித்தப்பா: இரண்டு பேரும் வெளியே வராமல் பிளாட்பாரத்திலேயே நில்லுங்கள். அண்ணனை அழைத்துக்கொண்டு வருகிறேன், அவரே காட்டட்டும்.