ரைன் பள்ளத்தாக்கின் ஆழ்நீரில் லித்தியம் தேடுவது பயன் தருமா?

நிலவியல் மாணவன்:
அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனி, பிரான்ஸ் எல்லையிலுள்ள மேல் ரைன் பள்ளத்தாக்கின் ஆழ்நீரில், லிட்டருக்கு ஏறத்தாழ 150 முதல் 200 மில்லிகிராம் வரை லித்தியம் கரைந்திருக்கிறது. சிலியின் அட்டகாமா உப்புநீரில் 1,000 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும்போது, இதற்காகக் கிலோமீட்டர் கணக்கில் துளையிடுவது ஏன்? துளையிடும் முன்பே லித்தியம் இருக்குமிடத்தைக் கண்டறிய முடியுமா?

பாறைப்பித்தன்:
ஓரளவு முடியும். சூடான நீர் கிரானைட் பாறையிலுள்ள மைக்கா என்னும் கனிமத்தோடு நெடுங்காலம் வினைபுரிந்தே லித்தியத்தைப் பெறுகிறது என்பதால், ஊற்றுநீரிலுள்ள சோடியம், லித்தியம் விகிதத்தைக் கொண்டு ஆழத்து வெப்பநிலையை மதிப்பிடுகிறோம். இங்கிலாந்தின் கார்ன்வாலில், வீல் கிளிஃபோர்ட் சுரங்கத்தின் வெந்நீரூற்றில் லித்தியம் மிகுந்திருப்பது 1864இலேயே தெரிந்துவிட்டது. அதே வட்டாரத்தில் யுனைடெட் டவுன்ஸில் ஐந்து கிலோமீட்டர் ஆழம் துளையிட்டபோது 200 மில்லிகிராமுக்கு மேல் கிடைத்தது. நில அதிர்வு ஆய்வு நீர் ஓடக்கூடிய பிளவுகளைக் காட்டுமே தவிர, லித்தியத்தைக் காட்டாது. துளையிட்ட பிறகும் முதலில் வரும் நீரில் துளையிடும் திரவம் கலந்திருக்கும் என்பதால், குளோரைடு அளவு மாறாமல் நிலைக்கும்வரை காத்திருந்து, மாதிரியை வடிகட்டி, நைட்ரிக் அமிலம் சேர்த்தே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அவசரப்பட்டு எடுத்த மாதிரியை நான் நம்புவதில்லை.

வேதிப்பொறியாளர்:
செறிவை மட்டும் பார்த்தால் போதாது, ஓட்டத்தையும் பாருங்கள். விநாடிக்கு 70 லிட்டர், லிட்டருக்கு 180 மில்லிகிராம் என்று கொண்டால், நாளொன்றுக்கு ஒரு டன்னுக்குச் சற்று மேற்பட்ட லித்தியம் கிணற்றைக் கடந்து போகிறது. முழுவதையும் பிரித்தெடுத்தால் (அது நடவாது) ஐந்தே முக்கால் டன் லித்தியம் கார்பனேட் ஆகும். அட்டகாமாவில் பரந்த பாத்திகளில் மாதக்கணக்கில் வெயிலில் காயவைக்கிறார்கள். இங்கே அலுமினியம் சார்ந்த உறிஞ்சு பொருள் லித்தியம் குளோரைடைப் பிடித்துக்கொள்ள, நன்னீரால் அதைக் கழுவி எடுக்கலாம். புவிவெப்பத் திட்டங்களில் மின்சாரத்துக்காகவோ வெப்பத்துக்காகவோ எப்படியும் மேலே வரும் நீர் என்பதால், துளையிடும் செலவு முழுவதும் லித்தியத்தின் தலையில் விழுவதில்லை.

ஆழ்துளை:
மேலே சொன்ன கணக்கு முதல் ஆண்டுக்குப் பொருந்தும். லித்தியம் நீக்கிய நீரை மீண்டும் பாறைக்குள் செலுத்தியே ஆகவேண்டும். அந்நீர் பிளவுகள் வழியே உற்பத்திக் கிணற்றை அடைந்தால் செறிவு குறையத் தொடங்கும். ஆகவே ஆய்வுக் கட்டத்திலேயே தடங்காட்டிப் பொருள் கலந்து, அது எத்தனை நாளில் மறு கிணற்றில் தலைகாட்டுகிறது என்று அளக்க வேண்டும். உட்செலுத்தும் அழுத்தத்திலும் கவனம் தேவை: ஸ்ட்ராஸ்பூர்க்கை அடுத்த வெண்டன்ஹைமில் 2020 டிசம்பரில் 3.6 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டபின் புவிவெப்பத் திட்டமே நிறுத்தப்பட்டது.