கணினிச் சாளரங்களுக்கிடையே தாவுவதைப் படமாக வரைவது எப்படி?

கேள்வி (மன்னார்குடி):
வணக்கம். பொதுச் சேவை மையம் நடத்துகிறேன். சம்பா பயிர்க் காப்பீட்டுப் பதிவு நடக்கும் நாட்களில், ஒரு விவசாயியின் விண்ணப்பத்தை முடிப்பதற்குள் சிட்டா, அடங்கல், பாஸ்புக் ஸ்கேன், காப்பீட்டுத் தளம் என்று பணியாளர்கள் ஓயாமல் தாவ வேண்டியிருக்கிறது. சர்வே எண்ணைத் தட்டச்சு செய்யும்போதே உட்பிரிவு எண் மறந்து, மறுபடியும் சிட்டாவுக்குத் திரும்புகிறார்கள். ஆக்டிவிட்டிவாட்ச் மென்பொருள் எதில் எவ்வளவு நேரம் செலவாயிற்று என்று காட்டுகிறது. எதிலிருந்து எதற்கு, எத்தனை முறை மாறினார்கள் என்பதை எப்படி வரைவது?

பதில் (கும்பகோணம்):
மொத்த நேரத்தைக் காட்டும் பட்டை இதற்கு உதவாது. ஒரே மூச்சில் சிட்டாவைப் பார்த்த 10 நிமிடமும், 20 முறை எட்டிப் பார்த்துச் சேர்ந்த 10 நிமிடமும் அதில் ஒன்றுபோலவே தெரியும். அந்த மென்பொருளின் பதிவுகளை ஜேசன் (JSON) என்ற தரவுக் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் தொடங்கிய நேரம், நீடித்த நொடிகள், செயலியின் பெயர், சாளரத் தலைப்பு ஆகியவை இருக்கும். எல்லாமே குரோமில் திறந்திருந்தால் செயலியின் பெயர் பயன்படாது, தலைப்பைக் கொண்டே பிரிக்க வேண்டும். பிறகு நேர வரிசைப்படி அடுத்தடுத்த இரண்டு பதிவுகளைச் சோடியாக எண்ணி, வரிசையில் ‘எதிலிருந்து’, நிரலில் ‘எதற்கு’ என்று கட்டம் போட்டு, எண்ணிக்கை கூடக் கூட நிறத்தை அடர்த்தியாக்குங்கள். அம்புக்குறிப் படம் பார்க்க அழகுதான், ஆனால் சாளரங்கள் பெருகினால் கோடுகள் பின்னிக்கொள்ளும்.

சாளரங்கள் வேலைக்கேற்பக் கூட்டமாகவே புழங்குகின்றன என்பதை அடிப்படையாகக் கொண்டுதான், ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஹெண்டர்சனும் கார்டும் 1986இல், ஒரு வேலைக்கான சாளரங்களை ஓர் ‘அறை’யாகத் தொகுக்கும் ‘ரூம்ஸ்’ என்ற முறையை முன்வைத்தார்கள். உங்கள் கட்டத்திலும் அந்தக் கூட்டங்கள் தெரியும்.

பதில் (திருவாரூர்):
சாளரத் தலைப்பில் கோப்பின் பெயரும், அதன் வழியே விவசாயியின் பெயரும் பதிவாகிவிடும். படத்தை யாரிடமும் காட்டுவதற்கு முன் அவற்றைச் ‘சிட்டா’, ‘பாஸ்புக்’ என்று பொதுப் பெயர்களாக மாற்றிவிடுங்கள். பணியாளர்களிடம் சொல்லாமல் பதிவு செய்யவே கூடாது. வேலை நடக்கும் வழியை அறியத்தானே இந்தப் படம், ஆளை அளப்பதற்கு அல்ல.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. பணியாளர்களின் சம்மதத்தோடு வரைந்து பார்த்தேன். சிட்டாவுக்கும் காப்பீட்டுத் தளத்துக்கும் இடையிலான இரண்டு கட்டங்களே மிக அடர்த்தியாக இருந்தன. அடங்கல் வெளிறியே கிடந்தது. விண்டோஸ் விசையோடு இட, வல அம்புகளை அழுத்தி அவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டோம்.

பதில் (கும்பகோணம்):
நல்ல ஏற்பாடு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: செயலில் உள்ள சாளரத்தை மட்டுமே மென்பொருள் பதிகிறது, கண் போகும் இடத்தை அல்ல. எனவே இனி தாவல் எண்ணிக்கை குறைவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு விண்ணப்பத்துக்கு ஆகும் நேரமும் சர்வே எண் பிழைகளும் குறைகின்றனவா என்று பாருங்கள்.