தபசு மரத்தில் ஒரு ழகரம்

எங்கள் ஊர் நகரிக்குப் பக்கம். 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே இருந்துவிட்டன. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. என் வயதுக்காரர்கள் பலருக்குத் தமிழ் பேச வரும், பாட வரும், படிக்க வராது. எங்கள் கூத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லியாக வேண்டும்.

தர்மராஜா கோயிலில் பாரதம் 18 நாள். பகலில் கதை, ராத்திரி கூத்து, கடைசி நாள் காலையில் துரியோதனன் படுகளம், சாயங்காலம் தீமிதி. வெளியூர் ஜமாதான், அதாவது கூத்துக் குழுதான், வந்து ஆடும். ஒரு வருஷம் ஜமா அமையவில்லை. "நாமே கட்டலாம்" என்றார் பெரியப்பா. சின்ன வயதில் பெண்வேஷம் கட்டியவர் அவர். தறி ஓட்டுகிறவர்கள், மாந்தோப்பில் வேலை செய்கிறவர்கள், ஒரு ஆட்டோக்காரர் என்று 11 பேர் சேர்ந்தோம். ஒத்திகை தறிக் கொட்டகையில். விசைத்தறி சத்தத்துக்கு மேலே பாடிப் பழகியதால் எங்கள் பீமன் குரல் அடுத்த தெரு வரைக்கும் போகும்.

பெரியப்பாவின் பாட்டு நோட்டு தமிழில் இருந்தது. அவர் படிக்கப் படிக்க ஆளாளுக்குத் தெலுங்கு எழுத்தில் எழுதிக்கொண்டோம். அதில் ஒரு வசதி உண்டு. ‘காகம்’ என்று எழுதினால் முதல் ககரத்துக்கு ஒரு எழுத்து, அடுத்ததற்கு வேறு எழுத்து, உச்சரிப்பு தப்பாது. ஆனால் ழகரத்துக்கு இப்போது புழக்கத்தில் எழுத்து கிடையாது. எல்லா ழகரத்தையும் ளகரமாகவே எழுதிவிட்டோம்.

அர்ச்சுனன் தபசு அன்றைக்கு அத்தை மகன்தான் அர்ச்சுனன். விரதம் இருந்து வேஷம் கட்டியிருந்தான். கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த கிரீடம், புஜக்கட்டை எல்லாம் போட்டுக்கொண்டு, படிக்கு ஒரு பாட்டாகப் பாடித் தபசு மரம் ஏற வேண்டும். படி வைத்து நட்ட உயரமான கம்பம்தான் தபசு மரம். மேலே போய் அவன் வீசுகிற எலுமிச்சம்பழத்தையும் விபூதியையும் முந்தானையில் ஏந்த, பிள்ளைவரம் கேட்கும் பெண்கள் கீழே காத்திருந்தார்கள்.

பாதி மரத்தில், "மளை பொளியும் மலையேறி" என்று எடுத்தான்.

பாயில் உட்கார்ந்திருந்த ஒரு ஆயா எழுந்துவிட்டார். "ஏ அர்ச்சுனா! மளை இல்லடா நைனா, மழை! நாக்க மடிச்சுச் சொல்லு!"

ஆர்மோனியம் நின்றது. அவன் மேலிருந்தே கும்பிட்டு, "சொல்லிக் குடு ஆயா" என்றான். ஆயா சொல்ல, அவன் சொல்ல, கூடவே கூட்டமும் சொல்ல, மூன்றாவது தடவை ‘ழ’ சரியாக வந்தது. விசில் பறந்தது. கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் முன்னால் ஓடிவந்து, "சிவபெருமான் பாசுபதம் குடுக்கறதுக்கு முன்னாடியே ஆயா ழகரம் குடுத்துட்டாங்க!" என்றான். அர்ச்சுனன் ஒரு படி இறங்கி, அந்தப் படிக்கான பாட்டை முதலிலிருந்து பாடிக்கொண்டு ஏறினான்.

தேர்ந்த ஜமா தப்பில்லாமல் பாடியிருக்கும். ஆயாவும் தூங்கியிருப்பார்.

துகில் அன்றைக்கு வேறு மாதிரி. துச்சாதனன் எங்கள் ஆட்டோக்காரர். திரௌபதி வேஷம் கட்டியவன் அவருடைய அக்கா மகன். புடவையில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்கும் இடத்தில் ஆட்டோக்காரர் நிஜமாகவே அழுதுவிட்டார். கை நடுங்குகிறது, இழுக்க முடியவில்லை. "இழு மாமா, விடிஞ்சிடும்" என்று திரௌபதி கிசுகிசுத்தது மைக்கில் விழுந்து ஊருக்கே கேட்டது. சிரித்துக்கொண்டிருந்த கூட்டம், அவர் இழுக்க ஆரம்பித்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அந்த இரண்டையும் ஒரே மூச்சில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அடுத்த வருஷம் முதல் எங்கள் நோட்டுகளில் சில ளகரங்களைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் இருக்கும். வட்டம் இருந்தால் ழகரம்.

பெரியப்பா இப்போது இல்லை. அவர் நோட்டில் மாடுபிடி சண்டைப் பக்கங்களை, அதாவது விராடன் மாடுகளைக் கௌரவர்கள் கவரும் கதையை, கரையான் தின்றுவிட்டது. அதை நாங்கள் யாரும் எழுதி வைத்திருக்கவும் இல்லை. புத்தூர், பள்ளிப்பட்டுப் பக்கம் யார் வீட்டிலாவது அந்தப் பாட்டு இருந்தால், எந்த எழுத்தில் இருந்தாலும் சரி, சொல்லுங்கள். நேரில் வந்து உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன்.